தண்ணீர்க் கணக்கு

கேஸ்கட் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அடுப்படியில்தான். குக்கர் மூடியின் உள்விளிம்பில் இருக்கும் ரப்பர் வளையம். அது தளர்ந்துவிட்டால் விசில் வராது. மூடியின் ஓரத்தில் புஸ்ஸென்று ஆவி போகும், சோறு அடிப்பிடிக்கும். அம்மா திண்ணையில் உட்கார்ந்தபடியே சத்தத்தை வைத்து, “கேஸ்கட் போச்சுத்தா, அடுப்ப அமத்து” என்பாள். ஒரு நாளும் தப்பியதில்லை. ஒனக்கு எப்படித் தெரியும் என்று அவளிடம் யாரும் கேட்டதும் இல்லை.

அதே சொல்லை என் 42ஆம் வயதில் ஒரு கார்ப் பட்டறையில் சொன்னேன். “ஹெட் கேஸ்கட் போயிருக்குமோன்னு தோணுது” என்றேன். பட்டறைக்காரர் என்னைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். “சார் வரலையா?” என்றார்.

வண்டி 1997 மாடல் மாருதி 800. அண்ணன் சென்னையில் புதுக் கார் வாங்கியபோது எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் விட்டுவிட்டுப் போனது. எங்கள் ஊர் உசிலம்பட்டியை ஒட்டிய கிராமம். நான் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. 2016இன் தொடக்கத்தில் அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பமானது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். மாலை ஐந்தரை மணி ஷிப்ட்தான் கிடைத்தது. மதுரைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கருமாத்தூர், செக்கானூரணி, பல்கலைக்கழகம், நாகமலைப் புதுக்கோட்டை, காளவாசல் என்று போக வேண்டும். போகும்போது பஸ் சரிதான். முடிந்து வெளியே வரும்போது இரத்த அழுத்தம் இறங்கி, அம்மாவால் தலையை நிமிர்த்தி வைக்க முடியாது. அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் நிற்க வைக்க முடியாது. வாரம் மூன்று தடவை வாடகைக் கார் என்றால் என் சம்பளம் தாங்காது. அதனால்தான் வேப்பமரத்தடியில் கிடந்ததை எடுத்து ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

டயாலிசிஸ் நோயாளியின் வீட்டில் தண்ணீர் ஒரு பெரிய கணக்கு. சிறுநீர் ஏறக்குறைய நின்றுபோனவர்களுக்கு, குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும். ஒரு லிட்டர் தங்கினால் எடை ஒரு கிலோ ஏறும். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 800 மில்லி என்று டாக்டர் சொல்லியிருந்தார். காப்பி, ரசம், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நான் ஒரு நோட்டுப் போட்டு, அளவுக் குவளையால் அளந்து எழுதி வந்தேன். ஆனால் கணக்கு உதைத்தது. நோட்டுப்படி ஏற வேண்டியதைவிட ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூடுதலாக இருந்தது. “அம்மாவுக்குத் தண்ணி கூடக் குடுக்குறீங்க” என்று நர்ஸ் என்னைத்தான் திட்டினார். நான் அம்மாவைப் பார்ப்பேன். அவள் மின்விசிறியைப் பார்ப்பாள்.

அந்த நோட்டின் பின்பக்கத்திலிருந்துதான் காரின் கணக்கு தொடங்கியது.

சித்திரைத் திருவிழா நேரம். மறுநாள் அழகர் வைகையில் இறங்குகிறார். மதுரையே தெருவில் நின்றது. காளவாசலுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் வண்டி நகரவில்லை. வெயில் சாய்ந்தும் தார்ச்சாலை கொதித்தது. டெம்பரேச்சர் முள் நடுவிலிருந்து மெல்ல மேலேறிச் சிவப்பைத் தொட்டது. இன்ஜினை அணைத்திருக்க வேண்டும். எனக்கு அது தெரியும். ஆனால் ஷிப்ட் நேரம் தாண்டினால் படுக்கை அடுத்த ஆளுக்குப் போய்விடும். பின்சீட்டில் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முள் சிவப்பில் இருக்க இருக்க, இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில் பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி வந்தது. இரவு பதினோரு மணிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனிடம் சொன்னால் “அதுக்குத்தான் ஒனக்கு வேணாம்னேன்” என்பான்.

அடுத்த வாரத்திலிருந்து ரேடியேட்டரில் தண்ணீர் குறையத் தொடங்கியது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால், இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, அதே அளவுக் குவளையால் ஊற்றி எழுதினேன். 200 மில்லி. 250. 400. மே மாத நடுவில் 600 ஆகிவிட்டது. வண்டி நின்ற இடத்தில் ராத்திரி அட்டை விரித்து வைத்துக் காலையில் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. ஹோஸ்களைத் தடவிப் பார்த்தேன், ஈரமில்லை. வாட்டர் பம்புக்குக் கீழேயும் கசிவு இல்லை. வெளியே ஒரு சொட்டும் போகவில்லை, உள்ளே இருப்பதும் குறைகிறது என்றால், அது இன்ஜினுக்குள்ளேதான் போக வேண்டும்.

மூன்று பட்டறைக்குப் போனேன். முதல் இடத்தில், “தண்ணி ஊத்த மறந்திருப்பீக” என்றார்கள். நோட்டைக் காட்டினேன். ஒரு சின்னப் பையன் வாங்கிப் பார்த்துவிட்டு, “மளிகைக் கணக்கு மாதிரி இருக்குண்ணே” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது இடத்தில் ரேடியேட்டர் மூடியை மாற்றி அனுப்பினார்கள். மூன்றாவது இடத்தில் வண்டியைத் தொடவே இல்லை. “பொம்பளைங்க பர்ஸ்ட் கியர்லயே ஓட்டுவீங்க, சூடாகத்தான் செய்யும். பழைய வண்டி வேற. வித்துருங்க.”

பெண்ணுக்கும் காருக்கும் ஆகாது என்பதை ஏதோ இயற்கை விதி போலச் சொல்லுகிறவர்களுக்கு, காரின் கதை பாதிதான் தெரியும். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் கணவர் கார்லிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, அவர் வடிவமைத்த மூன்று சக்கர வண்டியை மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிப்போனார். நூறு கிலோமீட்டருக்கு மேல். அதற்கு முன் யாரும் ஒரு காரில் அவ்வளவு தூரம் போனதில்லை. அந்த இன்ஜினைத் தண்ணீர்தான் குளிரவைத்தது. அது ஆவியாகித் தீர்ந்துகொண்டே இருக்கும். கிணறு, ஓடை, சத்திரம் என்று வழி நெடுக நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போயிருக்கிறார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது பயணத்துக்குப் பிறகு நடந்ததுதான். வண்டி மேட்டில் ஏறவில்லை, இறங்கித் தள்ள வேண்டியிருந்தது என்று திரும்பி வந்து அவர் சொன்னார். அதைக் கேட்டு, மேடு ஏற இன்னொரு கியர் சேர்க்கப்பட்டது. நீ ஓட்டிய விதம் சரியில்லை என்று அவரை ஒதுக்கியிருந்தால், அந்தக் குறை வண்டியிலேயே தங்கியிருக்கும். குறையைச் சொன்னவரின் சொல் எடுபட்டது, அதனால் வண்டி மேம்பட்டது.

என் சொல் எடுபட என்ன செய்யலாம் என்று யோசித்தேன். கோடை விடுமுறை, கையில் பகல் பொழுது இருந்தது. இன்ஜினைப் பற்றிப் படித்தேன்.

இன்ஜினின் கீழ்ப்பகுதி பிளாக். அதற்குள் சிலிண்டர்கள். மாருதி 800க்கு மூன்று. மேலே மூடி மாதிரி உட்காருவது ஹெட். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு, அதுதான் ஹெட் கேஸ்கட். குக்கர் கேஸ்கட்டுக்கு ஆவியை மட்டும் தடுக்கிற வேலை. இதற்கு மூன்று வேலை. சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிந்து வெடிக்கிற வாயு ஒரு பக்கம், சுற்றி ஓடுகிற தண்ணீர் ஒரு பக்கம், ஆயில் ஒரு பக்கம். ஒன்று இன்னொன்றின் பாதைக்குள் போகாமல் இது பிரித்து வைக்கிறது. வண்டி அளவுக்கு மீறிச் சூடானால் அலுமினிய ஹெட் விரிந்து கோணும். கோணிய இடத்தில் கேஸ்கட்டின் மேல் இருக்கும் பிடி தளரும். அந்த வழியாக நெருப்பு வாயு அரித்து அரித்துப் பாதை போட்டுவிடும்.

எந்தப் பக்கம் பாதை விழுகிறதோ, அதற்கேற்ப அடையாளம் மாறும். தண்ணீரும் ஆயிலும் கலந்தால் ஆயில் மூடிக்கு அடியில் பால் ஊற்றிய காப்பி மாதிரி படியும். என் வண்டியில் அது இல்லை. தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கினால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் உதறும், சைலன்சரில் வெள்ளைப் புகை நீண்ட நேரம் வரும். அது இருந்தது. சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் புகுந்தால் ரேடியேட்டரில் குமிழி வரும். அதுவும் வந்தது. ஆனால் குமிழியை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. தண்ணீர் ஊற்றும்போது உள்ளே சிக்கிய வெறும் காற்றும் குமிழியாக வரும். வருவது காற்றா, எரிந்த வாயுவா என்று தெரிய வேண்டும்.

எரிந்த வாயுவில் கார்பன் டை ஆக்சைடு இருக்கும். அதைக் கண்டுபிடிக்க நான் ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டுகிற சோதனையே போதும். சுண்ணாம்பு நீர் பால் போல மாறும். அம்மாவின் வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு இருந்தது. ஒரு பாட்டில் தண்ணீரில் கரைத்து, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேலே நின்ற தெளிந்த நீரை மட்டும் இறுத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஒற்றைத் துளை ரப்பர் தக்கையும் குழாயும் கொண்டுவந்தேன்.

இன்ஜின் முழுக்க ஆறியிருந்த விடிகாலை. ரேடியேட்டர் தண்ணீரில் ஒரு டம்ளர் குறைத்து, வாயில் தக்கையை வைத்தேன். ரிசர்வ் டப்பாவுக்குப் போகும் சிறு குழாயை மடக்கித் துணிக் கிளிப் போட்டேன். சைலன்சர் புகை இந்தப் பக்கம் வராதபடி வண்டியைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்தியிருந்தேன். ஸ்டார்ட் செய்தேன். குழாயின் நுனி சுண்ணாம்பு நீருக்குள் இருந்தது. ஒரு குமிழி, இரண்டு, பிறகு நிற்காமல். இரண்டு நிமிடத்துக்குள் நீர் கலங்கி, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. சூடேறுவதற்கு முன் அணைத்துவிட்டேன். சூடான ரேடியேட்டரில் இந்த விளையாட்டு கூடாது, முகம் வெந்துவிடும்.

அத்தோடு முடித்திருந்தால் என்னையே நான் நம்பியிருக்க மாட்டேன். என்னுடன் வேலை பார்க்கும் தமிழாசிரியையிடமும் ஒரு மாருதி 800 இருந்தது. அவர் வீட்டுக்குப் போய் அதிலும் அதே தக்கை, அதே குழாய், அதே பாட்டிலின் மிச்ச நீர். ஓரிரண்டு குமிழி வந்து நின்றது. நீர் கண்ணாடி போலவே இருந்தது. இரண்டு பாட்டிலையும் பேர் எழுதி மூடி எடுத்துக்கொண்டேன்.

நாலாவதாகப் போனது செக்கானூரணிப் பக்கம் தகரம் வேய்ந்த ஒரு சின்னப் பட்டறை. அறுபது வயதிருக்கும், பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். நோட்டையும் இரண்டு பாட்டிலையும் அவர் முன்னால் வைத்தேன். நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். “இது என்ன டீச்சர், முன்னாடி வேற கணக்கு இருக்கு?”

“அது எங்கம்மாவுது பாய். டயாலிசிஸ்.”

அவர் ஒன்றும் சொல்லாமல் பின்பக்கத்துக்குப் போனார். 200, 250, 400, 600. பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எப்படிச் செய்தேன் என்று கேட்டார், சொன்னேன். “நான் கையக் கட்டிப் பாத்துருவேன், பலூன் கட்டிப் பாத்துருவேன். சுண்ணாம்பு புதுசா இருக்கு” என்றார். பிறகு எழுந்தார். “சரி, கம்ப்ரஷன் வச்சும் பாத்துருவோம். ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்.”

மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். ஒன்றும் மூன்றும் பழுப்பாக இருந்தன. நடுவிலிருந்ததன் முனை மட்டும் ஆவியில் கழுவியது போல வெளுத்துச் சுத்தமாக இருந்தது. பிளக் ஓட்டையில் கேஜை வைத்து என்னைச் சாவி திருகச் சொன்னார். முதல் சிலிண்டர் 160, மூன்றாவது 155, நடுவில் 105. நடுச் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அடைத்துக்கொண்டு அளவு ஏறும் என்றார். ஏறவில்லை. “கேஸ்கட்தான் டீச்சர். நீங்க சொன்னதுதான்.”

செலவைச் சொன்னார். ஹெட்டைப் பிரிக்கிற அன்று நானும் இருப்பேன் என்றேன். தாராளமா வாங்க என்றார். தங்கை மகள் வந்து அம்மாவோடு இருந்தாள். அந்த வாரம் மட்டும் வாடகைக் காருக்குக் கடன் வாங்கினேன்.

தண்ணீரை வடித்தார்கள். துருவும் வெள்ளைச் சேறுமாக வந்தது. பாய் விரலில் தொட்டு, “என்ன தண்ணி ஊத்துனீக?” என்று கேட்டார். வீட்டு போர் தண்ணீர் என்றேன். எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. கொதிக்கவைத்த பாத்திரத்தில் சுண்ணாம்பு அப்பிக்கொள்ளும். கடின நீரைப் பற்றி வகுப்பில் பாடம் எடுக்கிறவள், அதையே குவளை குவளையாக ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறேன். ரேடியேட்டர் குழாய்களில் பாதிக்கு மேல் அடைத்துக் கிடந்தன.

ஏர் பில்டர், கார்ப்பரேட்டர், சைலன்சர் குழாய், டைமிங் பெல்ட் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஒவ்வொரு போல்ட்டையும் எங்கிருந்து வந்தது என்று அட்டையில் குத்தி வைப்பது என் வேலை. ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். ஹெட்டைத் தூக்கியதும் கேஸ்கட் தெரிந்தது. நடுச் சிலிண்டரின் வளையத்திலிருந்து பக்கத்துத் தண்ணீர்த் துளை வரைக்கும் கறுப்பாக ஒரு கோடு, என் சுண்டுவிரல் நகத்தின் நீளம். ஆறு வாரத் தண்ணீர் முழுக்க அந்த வழியாகப் போயிருக்கிறது.

ஹெட்டைக் கவிழ்த்துத் துடைத்து, நேர்ப்பட்டையைக் குறுக்கே வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் தகட்டைச் செருகினார். அனுமதிக்கும் கோணல் 0.05 மில்லிமீட்டர். அந்தத் தகடு போனது. 0.10 தகடும் போனது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தகட்டைத் துடைத்து உறையில் வைத்தார்.

கேட்காமல் இருந்ததால்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். “பாய், திருவிழா டயத்துல முள்ளு செவப்புக்குப் போயிருச்சு. நிறுத்தல. ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிட்டேன்.”

“தெரியும் டீச்சர். ஹெட்டு சொல்லுதே” என்றார். “பேன் ஓடுச்சா அன்னைக்கு?”

எனக்கு அது ஞாபகமே இல்லை. அவர் கேட்ட பிறகுதான் யோசித்தேன். முக்கால் மணி நேரம் நின்ற வண்டியில் ரேடியேட்டர் பேனின் சத்தமே கேட்கவில்லை. பேன் சுவிட்சைக் கழற்றி, அதில் டெஸ்ட் லைட் இணைத்து, அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் அதன் முனையை முக்கிப் பிடித்தோம். சூடேறினால் அது விளக்கை எரியவைக்க வேண்டும். எரியவில்லை. ரேடியேட்டர் அடைத்திருந்தது, பேனும் செத்திருந்தது. நான் நிறுத்தாமல் ஓட்டியது மூன்றாவது காரணம். “இத நீங்க சொல்லாட்டி கேஸ்கட்ட மட்டும் மாத்தி அனுப்பியிருப்பேன். அடுத்த கோடையில மறுபடி போயிருக்கும்” என்றார் பாய்.

இந்த வாக்கியத்தை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று பட்டறையிலும் நான் அந்த நாளைச் சொல்லவில்லை. தண்ணீர் குறைகிறது என்று சொன்னேன், மில்லியளவில் சொன்னேன். ஏன் குறையத் தொடங்கியது என்பதற்கான முதல் துப்பை மறைத்துக்கொண்டுதான் சொன்னேன். சொன்னால் நான் அவர்களுடைய கேலிக்குச் சாட்சி ஆகிவிடுவேன். பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்பதற்கு நானே ஆதாரம் கொடுத்ததாக ஆகும். இதே தவறை ஒரு ஆண் செய்திருந்தால், அது அவன் ஒருவனுடைய தவறு. வண்டியைச் சூடாக்காத ஆண் டிரைவர் எங்கே இருக்கிறான்? நான் செய்தால் அது எல்லாப் பெண்களின் கணக்கிலும் ஏறும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். நோய் தெரியாமலே போனது.

அம்மாவும் இதைத்தான் செய்தாள். கால் வீங்குகிறது என்பதை ஒரு வருஷத்துக்கு மேல் சேலைக் கொசுவத்துக்குள் மறைத்து வைத்திருந்தாள். சர்க்கரை இருப்பவள். சொன்னால் வாயைக் கட்டவில்லை என்று முதலில் வசவு விழும், பிறகு செலவு, பிறகு யார் கூட்டிக்கொண்டு போவது என்ற பேச்சு. மூச்சு முட்டிய பிறகுதான் சொன்னாள். இன்னும் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று டாக்டர் கேட்டபோது அம்மா சிரித்து மழுப்பினாள். அதைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. திட்டு நிச்சயம் என்று தெரிந்த இடத்தில் ஒருத்தி தன் உடம்பின் அடையாளங்களை எப்படி ஒவ்வொன்றாக ஒளிப்பாள் என்று, அந்தப் பட்டறையில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

ஹெட்டை லேத்துக்கு அனுப்பி, விரிசல் இல்லை என்று தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்த்து, ஃபேசிங் செய்து வாங்கினோம். பிளாக்கின் மேல்முகத்தை நான்தான் துடைத்தேன். ஒரு துகள்கூட இருக்கக்கூடாது என்று பாய் மூன்று தடவை திரும்பத் துடைக்க வைத்தார். புதுக் கேஸ்கட்டைப் பசை ஏதும் தடவாமல் வைத்தார். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரே தடவையில் முறுக்காமல், டார்க் ரெஞ்சால் மூன்று தவணையாக இறுக்கினார். கடைசித் தவணையில் ரெஞ்சை என் கையில் கொடுத்தார். அளவு வந்ததும் அது கையில் டக்கென்று ஒரு சத்தம் கொடுத்தது. புது பெல்ட், புது பேன் சுவிட்ச், சுத்தம் செய்த ரேடியேட்டர். போர் தண்ணீருக்குப் பதில் கூலன்ட். எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய் ஆனது. அண்ணன் வண்டியை விற்கச் சொன்ன விலையைவிடக் குறைவுதான். விற்றிருந்தால் அம்மாவை எதில் கூட்டிப்போவது என்பதை அவன் யோசிக்கவில்லை.

முதல் பயணம் ஒரு சனிக்கிழமை. திரும்பும்போது இரவு பத்து மணி தாண்டிவிட்டது. நாகமலை இருட்டாகக் கூடவே வந்தது. முள் நடுவில் நின்றது. அம்மா சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

“என்னத்தா, வண்டி சரியாயிருச்சா?”

“ஆயிருச்சும்மா. நாந்தான் கெடுத்தேன். திருவிழாவுக்கு மொத நாளு சூடாயிருச்சுன்னு தெரிஞ்சும் ஓட்டிட்டேன். பயந்து யார்கிட்டயும் சொல்லல.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. செக்கானூரணி தாண்டியதும் சொன்னாள். “நானும் ஒண்ணு சொல்லணும். ராத்திரி நீ தூங்குனப்புறம் பானையில மோந்து குடிக்கேன். அரை டம்ளரு. சில நாளு ஒரு டம்ளரு, ரெண்டு டம்ளரு. நாக்கு ஒட்டிக்கிருதுத்தா. அந்த நர்சம்மா ஒன்னயத் திட்டயில எனக்குப் பகீர்னு இருக்கும். ஆனாலும் சொல்ல வாய் வரல.”

எனக்கு உடனே வாயில் வந்தது ஒரு திட்டுதான். உன் உசுரு உனக்கே பெருசில்லையா என்று கேட்கப் போனேன். பாய் ஃபீலர் கேஜைத் துடைத்து உறையில் வைத்தது ஞாபகம் வந்தது. “எப்பம்மா ரொம்பத் தாகமா இருக்கு?” என்று மட்டும் கேட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றாள். ராத்திரி என்ன சாப்பிடுகிறாள் என்று பார்த்தால், கஞ்சிக்கு ஊறுகாய். உப்பு ஏறினால் தாகம் ஏறும், அதை யாரும் விசாரிக்கவே இல்லை. ஊறுகாயை நிறுத்தினோம். பகலில் 50 மில்லி மிச்சம் பிடித்து, அதை ஐஸ் கட்டியாக்கி, படுக்கும் முன் வாயில் அடக்கிக்கொள்ளக் கொடுத்தேன். இராத்திரி குடித்தால் குடித்தேன் என்று காலையில் சொன்னாள், நான் எழுதினேன். இரண்டு வாரத்தில் நோட்டுக் கணக்கும் தராசுக் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன.

நோட்டின் பின்பக்கத்தில் அதற்குப் பிறகு வரிசையாகச் சுழியம்தான் எழுதினேன். 0, 0, 0. முன்பக்கத்தில் அம்மாவின் எண்கள் சில நாள் 800ஐத் தாண்டியிருக்கும். 850, 900, ஒரு தீபாவளிக்கு 1,100. எல்லாம் அவள் சொல்லி நான் எழுதியவை.